மூன்றாவது எழுத்து

பெயரை அழித்துவிட்டார்கள்.
கூவியபோதுதான் தெரிந்தது அதுதான் என்று.
தொண்டையில் ஒரு பிசிறு தட்டும்
இந்தப் பினாங்குக் கப்பலுக்கு மட்டும்.

கடுவையாற்று வாயைத் தாண்டி
இரண்டு மைல் துடுப்புப் போட்டோம்.
சலங்கு நிறையக் கோவேறு கழுதைகள்.
வயிற்றில் பட்டை கட்டிக்
கப்பி இழுத்தபோது அவை கத்தவில்லை.
நாலு காலும் தொங்க,
நாகூர் மினாராவைப் பார்த்தபடி
மேலே போயின.

போன மாசிவரை இதே பக்கம்
சின்ன வெங்காயம், வெற்றிலைக் கட்டு,
தகரப்பெட்டியோடு வட்டிக்கடைக் கணக்கர்கள்.
ஒரு கர்ப்பிணியை நாற்காலியோடு கட்டி
ஏற்றியிருக்கிறேன்.
முதல் வகுப்பில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது.
என்னை முழுசாய் நான் பார்த்தது
அதில்தான், ஒரே ஒரு தரம்.
இப்போது அங்கே பலகை அறைந்து
அடுக்கடுக்காய்ச் சிப்பாய்ப் படுக்கை.

கரையில் மைமூன் பீவி
சீட்டோடு நிற்கிறாள். புருஷன் ஈப்போவில்.
"சண்டை முடியட்டும்மா, சீட்டு செல்லும்"
என்கிறார் கம்பெனி குமாஸ்தா வேதநாயகம்.
எந்தச் சண்டை என்று அவள் கேட்கவில்லை.
"அங்கே நிக்கிறது எந்தக் கப்பல்?"
என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

சொல்லக்கூடாதென்று
கைநாட்டு வாங்கியிருந்தார்கள்.

மறு நடையில், முகப்போரம்
படகு உரசி நின்றபோது
சங்கிலியைப் பிடித்து ஏறி
கட்டைவிரலால் சுரண்டினேன்.
எழுத்து வாசிக்கத் தெரியாது எனக்கு.
மூன்றாவது மட்டும் வட்டமாய் இருக்கும்.

இருந்தது.

ராத்திரி சோற்றில் கை வைத்தால்
நகக்கண்ணில் சாம்பல் நிறம்.
புளி போட்டுத் தேய்த்தேன்,
அப்புறம் மணல் போட்டு.