ஒருவழிக் குழாய்

என் கணக்கில் மொத்தம் பதினோரு மணி நாற்பது நிமிடம்.
பன்னிரண்டு முடிவதற்குள் தனியாக ஏறித் தனியாக இறங்க வேண்டும்,
இல்லையென்றால் பெட்டியைக் கட்டு.
நாற்பத்து மூன்றில் அதுதான் சட்டம்,
கயத்தாற்றுக்குக் கிழக்கே
ஊசிமேட்டுப்பட்டி விமானப் பயிற்சிப் பள்ளியில்.

பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்.
இரண்டு மிளகாய்க் காடு, ஒரு பருத்திக் காடு,
ஊர்க் குளத்தில் பாதி.
கரிசலை அடித்துச் சரள் பரப்பி
மூங்கில் தட்டியில் எட்டு வகுப்பு.
மழையில் மைதானம் சக்கரத்தை விழுங்கும்,
கோடையில் வெடித்துக் கால்விரலை.
கரும்பலகையில் ஒரு சிறகை வரைந்து
அம்பு போட்டார்கள்: காற்று இப்படி வரும்.
ஆனி பிறந்ததும்
செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்த காற்று
கரும்பலகையைப் பார்த்ததே இல்லை.

டைகர் மாத்துக்கு இரண்டு குழி.
முன்குழியில் சார்ஜண்ட் கிரிம்வுட், பின்குழியில் நான்,
நடுவில் ஒரு ரப்பர் குழாய்:
அவர் வாயிலிருந்து என் காதுக்கு.
என் வாயிலிருந்து அவர் காதுக்குப் போக வேண்டியது
கப்பலில் வரவில்லை என்றார்கள்.
முந்தின யுத்தத்தில் இதைக் கண்டுபிடித்தபோதே
மாணவன் பேசுவான் என்று எவனும் நினைக்கவில்லையப்பா
என்றார் அவர், சிரிக்காமல்.

குழாய் பேசும்.
தாமிரபரணி இடப்பக்கம் இருக்கட்டும்.
மூக்கைத் திருப்பு, பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக்கு நேரே.
மெள்ள. மெள்ள.
சமையல்காரனிடம் அவர் கற்ற ஒரே தமிழ் அது,
இட்லி வேகும் பக்குவத்துக்குச் சொன்னதை
எனக்கும் சொன்னார்.

கடைசி நாள் இறங்கும்போது
வலப்பக்கம், சற்றுப் பின்னால்,
உடைமரத்துக்கு மேலே ஒரு சூறை எழுந்தது.
பனை உயரம். செம்மண் நிறம்.
கரிசல் காட்டில் செம்மண் சூறை என்றால்
சரள் மேட்டைக் கிளப்பிக்கொண்டு
ஓடுதளத்துக்குத்தான் வருகிறது.
எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.
சொல்லக் குழாய் இல்லை.
குச்சியைத் தள்ளினேன், விசையைக் கூட்டினேன்.
கையை எடு, கையை எடு, என்றது காது.
எடுத்தேன்.
இறக்கையின் நுனி மட்டும்தான் மண்ணை உழுதது,
ஒரு முழம்.

அறிக்கையில் மூன்று வார்த்தை:
பதற்றம். கீழ்ப்படியவில்லை. நீக்கம்.
ஒப்பம் போட்ட பேனாவை
எனக்கும் கொடுத்தார், ஒப்பம் போட.

என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் உச்சிமாகாளி.
அவன் தேறி, பர்மாப் பக்கம் போனான்.
இறந்துவிட்டான் என்று எழுதத்தான் எல்லோருக்கும் ஆசை.
திரும்பி வந்தான். மெட்ராஸில் பால் டெப்போ வைத்தான்.
பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவான்,
விமானத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

நாற்பத்தைந்து ஐப்பசியில் பள்ளியை மூடி
மூன்று நாள் ஏலம் போட்டார்கள்.
தட்டிகளை ஆட்டுக்காரர்கள் வாங்கினார்கள்,
காற்றுப்பையை ஒரு தையல்காரர்.
நான் அந்தக் குழாயை,
இரண்டே கால் ரூபாய்க்கு.
முப்பது வருஷம் டீசல் உறிஞ்ச உதவியது.

ஸ்ரீ வெயிலுகந்தம்மன் மோட்டார் சர்வீஸ்,
கோவில்பட்டி - திருநெல்வேலி.
எனக்குப் பின்னால் ஐம்பது வாய்.
இங்கே நிறுத்து, அங்கே ஏன் நிறுத்தினாய்,
சன்னலைச் சாத்தச் சொல்லு, மெள்ளப் போ.
டிரைவருடன் பேசக் கூடாது என்று
தலைக்கு மேலே எழுதியிருக்கிறது.
டிரைவர் பேசலாமா என்று எழுதவில்லை.

ஒரே ஒரு தடவை, கடைசி டிரிப், ஆள் இல்லை,
கண்டக்டர் பிச்சைக்கனி பின்சீட்டில் தூங்குகிறார்.
விலக்கில் திருப்பி
பழைய சரளில் ஏற்றினேன்.
விளக்கை அணைத்தேன், நிலா இருந்தது.
இருபத்தைந்து. முப்பத்தைந்து. நாற்பது.
மாத்து ஐம்பதுக்குப் பக்கத்தில் தரையை விடும்.
பஸ்ஸின் கவர்னரை
நாற்பதில் சீல் வைத்திருந்தான் முதலாளி.

காற்று மேற்கிலிருந்து, சரியான கோணம்.
வாயைத் திறந்து சத்தமாகச் சொன்னேன்:
வலப்பக்கம், பின்னால், சூறை.

என்ன அண்ணாச்சி, என்று எழுந்தார் பிச்சைக்கனி,
எந்த ஊர் இது?