வெறும் பெட்டி, அறுபத்தொரு கிராம்

சுங்கப் படிவத்தில் ‘உள்ளடக்கம்’ என்ற இடத்தில்
வெறும் பெட்டி என்று எழுதியிருந்தது.
பரந்தன் தபால் கந்தோரில் குலேந்திரண்ணை
காதருகே வைத்துக் குலுக்கினார்.
“ஒண்டுமில்லையே பிள்ளை,
ஆரோ ஏமாத்திப்போட்டாங்கள்.”
இல்லை அண்ணை, பெட்டிதான் சாமான்.
கையெழுத்தை வாங்கினார்,
என்னை நம்பவில்லை.

லியோனிலிருந்து அகிலரூபன் அனுப்பியது.
கசற் அவனிடம் கண்ணாடிக்குள் பத்திரமாம்.
தொண்ணூற்றொன்றில் வந்த விளையாட்டு:
விளக்கேந்திய தவளை ஒன்று
ஏழு கிணறுகளுக்குள் இறங்கும்.
அந்த ஆண்டு எங்கள் பக்கம்
பென்ரோச் பற்றறிக்கே தடை.
தவளையிடம் வெளிச்சம் இருந்திருக்கிறது.

மேல்மூலை நசுங்கி, இடது விளிம்பு வெடித்து,
அடிமடலில் பாதி இல்லை.
அவசரத்துக்கு ஒட்டிய செலோரேப்
தேன் நிறத்தில் மட்டைக்குள் இறங்கிவிட்டது.
தவளையின் முழங்காலில்
349 பிராங் என்று விலைத்துண்டு,
அதைப் பிய்க்கப் பார்த்துத் தோற்ற
யாரோவின் நகம்.

நான் உடனே தொடுவதில்லை.
படம் எடுப்பேன். முப்பத்திரண்டு படம்.
பக்கத்தில் அடிமட்டம், வெளிச்சம் சாய்வாக,
ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழ.

பகலில் எனக்கு ஃபோட்டோகொப்பிக் கடை.
அடையாள அட்டை, காணி உறுதி, இறப்புச் சான்றிதழ்,
இரண்டு பக்கமும் ஒரே தாளில்.
இது ஒன்பது மணிக்குப் பிறகு.

ஆவி காட்டினால் பழைய பசை தானே கைவிடும்.
அவசரப்பட்டால் அச்சின் தோல் உரியும்.
கோதுமை மாவைக் காய்ச்சிச்
சீலையில் மூன்றுதரம் வடித்து,
தும்மினால் பறக்கிற தாளை வெடிப்புக்குள் படுக்கவைத்து,
மேலே எடைக்கற்கள் இரண்டு.
சிவனேசன் கடையில் இரவல்.
விடியப் பருப்பு நிறுக்கத் திருப்பிக் கொடுக்கவேணும்.

இரணைமடு வான்கதவு திறந்த கிழமை அது.
மட்டை காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும்.
பெட்டியைப் பையில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்தேன்.
இரவுச் சோற்றுக்குச் சுண்டு விட்ட மனுசன்
தவளையைக் கண்டு கத்தினார்.

வெயில் படாத மடலின் உட்புறம்
முதல் சிவப்பு அப்படியே இருந்தது.
அகிலரூபன் கேட்டது அதைத்தான்.
நான் கலந்தது
முப்பது வருசம் யன்னலோரம் நின்ற சிவப்பை:
கொஞ்சம் மஞ்சள், ஒரு துளி சாம்பல்,
புள்ளி புள்ளியாக, ஐந்து இரவுகள்.
புதுச் சிவப்பு வைத்திருந்தால்
காயம் இருந்த இடம் மட்டும்
தனியே நின்று மினுங்கியிருக்கும்.

பார்சல் போய்ப் பதினோராம் நாள் அவன் குரல் வந்தது.
“அக்கா, இது என்ர பெட்டி இல்லை.
புதுசா அச்சடிச்சு அனுப்பிப்போட்டியள்.
இதுதான் அதெண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

கோபம் வரவில்லை.
இந்தக் கேள்விக்கு நான் பழையவள்.
முகாமால் வந்த வருசம்
கந்தோர்க்காரர் பேனை மூடியைக் கழற்றிக் கேட்டார்,
இதில வீடு இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?
எருக்கலைக்கு நடுவில் நின்றோம்.
வீட்டை ஆர் படமெடுத்து வைத்தது,
அதுவும் உடைய முன்னம்.
மலசலகூடக் குழியைக் காட்டினோம்.
குழியை எழுதிக்கொண்டு போனார்.

முப்பத்திரண்டு படத்தையும் அனுப்பினேன்.
நீல அடையாளங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.
பதினேழாவதில் நின்றுவிட்டான்.
நெடுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு: “அந்த நகக்கீறு நான் கீறினது.
ஏழு வயசில. விலை தெரிஞ்சால்
அப்பா கடையில திருப்பிக் குடுத்திடுவாரெண்டு.”

பிறகு: “அதையேன் அக்கா எடுத்தனீங்கள்?”

மிச்சக் காசு அன்றைக்கே வந்துவிட்டது.
கீறலைத் திரும்பப் போட எவ்வளவு என்று
கேட்டுக்கொண்டிருக்கிறான்.
நகத்தை வெட்டாமல் இருக்கிறேன்.
விலை இன்னும் சொல்லவில்லை.