இரண்டு இடது கால்கள்

பாலத்துக்காரி நான்.
ஃப்ரீஸ்லாந்தில், கால்வாய் திரும்பும் இடத்தில்,
படகு ஊதினால் நெம்புகோலை இழுப்பேன்;
தார்ச்சாலை நடுவில் பிளந்து
இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும்.
தூண்டில்கோலில் தொங்கும் மரச்செருப்பை
படகின்மேல் ஆட்டி நீட்டுவேன்.
காசு விழும் சத்தத்திலேயே
எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

குனிகிற வேலை. சைக்கிளில் வருகிற வேலை.
கடற்காற்றுக்கு என் பாவாடைமேல்
அப்படி என்ன பகையோ.
"கால்சட்டை போட்டால் தீர்ந்தது"
என்பான் இரவுமுறைக்காரன் வீபெ.
தீரவில்லை, வீபெ.
எனக்கு அந்த வீச்சும் வேண்டும்,
காற்று ஏமாறவும் வேண்டும்.

ஆகவே குலாட்ஸ்.
நின்றால் பாவாடை, நடந்தால் கால்சட்டை.
அதே துணியில் ஒரு மேல்சட்டையும்.

வெள்ளிச் சந்தையில் மூன்று மீட்டர் வாங்கினேன்,
ஆண்வாத்தின் கழுத்துப் பச்சை.
ஒருபக்கம்தான் மினுக்கம்,
மறுபக்கம் வெறும் பாசி.
மேசை சின்னது. துணியை மடித்துப் போட இடமில்லை.
கேக் சுடும் காகிதத்தில் அளவை நகலெடுத்து,
நகராமலிருக்கப் பட்டாணி டப்பாக்களை வைத்து,
ஒற்றையாய் விரித்து
ஒவ்வொரு துண்டாக வெட்டினேன்.
வானொலியில் வானிலை. காற்று ஏழு.
கத்தரிக்கோல் துணிக்குள் போகிற அந்தச் சத்தம்,
பனிமேல் சறுக்குகிற மாதிரி.
அதில்தான் மயங்கிவிட்டேன்.

தரையில் அடுக்கிப் பார்த்தபோது
முன்பக்கத்துக்கு
இரண்டும் இடது கால்.

காகிதத்தைப் புரட்ட மறந்திருக்கிறேன்.
புரட்டிப் போட்டுத் துணியைத் திட்டினேன்.
துணி தன் பாசி முகத்தைக் காட்டியது.
ஸ்னேக்கிலிருக்கும் தங்கைக்குப் போன் செய்தேன்.
யெல்ட்ஷெ சிரித்து முடிக்கும்வரை
தேநீர் ஆறியது.
"ரெண்டு இடது காலோடு
வட்டமாய்த்தான் நடப்பாய்" என்றாள்.

மிச்சத் துணியில்
மேல்சட்டையின் முன்னும் பின்னும் காத்திருந்தன.
முன்னை எடுத்து வலது காலாக வெட்டினேன்.
இப்போது கால்கள் சரி,
சட்டைக்கு முதுகு உண்டு, மார்பு இல்லை.
அனாதையாய் ஒரு இடது கால்.

இரவு பதினொன்றுக்கு, பல் துலக்கியபடி,
அந்தக் காலை எடுத்து
நெஞ்சோடு வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன்.
கவட்டுக்கென்று வளைத்து வெட்டிய வளைவு
அக்குளுக்கு அடியில்
அளவெடுத்ததுபோல் போய் உட்கார்ந்தது.
பற்பசை நுரையோடு "அட" என்றேன்.
மறுபுறமும் அதே வளைவை வரைந்தேன்.
இடுப்பு, கழுத்தாயிற்று.
பைக்கென்று ஊசியால் குத்திய துளை மட்டும்
விலா எலும்பருகே நின்றது.
சிவப்பு நூலால் மூடினேன்,
மறைக்கிற எண்ணமில்லாத சிவப்பு.

ஞாயிறு முழுவதும் மிஷின் ஓடியது.
பாபின் இருமுறை சிக்கியது.
ஜிப்பை ஒருமுறை தலைகீழாய் வைத்து,
பிரித்து, மறுபடி வைத்தேன்.
பிரிக்கிற கருவிக்குத்தான்
அதிக வேலை அன்று.

திங்கள் காலை சைக்கிளில் ஏறினேன்.
காற்று வந்தது, பிடித்தது, இழுத்தது,
துணி இரு பாய்களாய் உப்பி
என்னிடமே திரும்பி வந்தது.
கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன் போலிருக்கிறது,
நாயோடு வந்தவர் ஒதுங்கினார்.

பாலக்கூண்டில் வீபெ சாவியைக் கொடுத்தபடி
மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.
வலது கால் விரலளவு நீளம் என்றான்.
கரைதான் சாய்வு என்றேன்.
குனிந்து கரையைப் பார்த்தான், மெய்யாகவே.

வெளியே படகு ஊதியது.
சாலையைப் பிளக்கப் போனேன்.