வளர்த்தவர் பெயர்

பார்னவெல்டர் முட்டைக்குள் வெளிச்சம் லேசில் நுழையாது.
ஓடு அவ்வளவு அடர்ந்த பழுப்பு.
சமையலறையை முழுக்க இருட்டாக்கி
அடுப்பின் சின்னப் பச்சை விளக்குக்கும் துணி போட்டு
ஏழாம் நாள் இரவு
ஒவ்வொன்றாக டார்ச்சின் மேல் வைத்துப் பார்த்தேன்.
உள்ளே சிலந்தி மாதிரி ஒரு சிவப்பு
கால் பரப்பியிருக்க வேண்டும்.
இருபத்து நான்கில் பதினொன்று
வெறும் வெளிச்சம்.

மீதியில் பொரிந்தவை ஐந்து.
ஒன்றுக்கு அலகு கத்தரிக்கோல் போலப் பின்னியிருந்தது.
அதை என்ன செய்தேன் என்று
இங்கே எழுதப் போவதில்லை.

பதிவேட்டில் விரல் வைத்து மேலே ஏறினேன்,
தாய் வழியில் ஒரு முறை, தந்தை வழியில் ஒரு முறை.
எப்படி ஏறினாலும்
அதே சேவலின் முதுகில்தான் போய் இறங்குகிறேன்:
வளையம் 41.
பாட்டனும் அவனே, மாமனாரும் அவனே.

இறகு ஒவ்வொன்றிலும் இரட்டைக் கரை வேண்டும்,
பச்சை மினுங்கும் கறுப்பில்,
இரண்டுக்கும் நடுவே செம்பழுப்பு.
ஒரு கரை கலைந்திருந்தாலும் சூப்புக்கு.
முட்டைக்கு ஒரு நிற அட்டை வைத்திருக்கிறேன்,
ஒன்பது படி.
ஏழுக்குக் கீழே அடைக்கு வைப்பதில்லை.
அழகு பார்த்துப் பார்த்தே
ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

வெளியில் வாங்கலாம்.
ஜெர்மனியில் ஒருவர் விற்கிறார்.
உருப்படி பெரிது, முட்டையோ
பால் அதிகமாகிப்போன டீயின் நிறம்.
ரொம்ப நெருங்கவும் கூடாது, ரொம்ப விலகவும் கூடாது.
அப்படிப்பட்ட ரத்தம்
பதினோரு கிலோமீட்டர் தள்ளி, லுன்டரனில்,
ரூலோஃபிடம் இருக்கிறது.

விவாகரத்தில் வக்கீல் வீட்டைப் பிரித்தார்,
காரைப் பிரித்தார், ஃப்ரீசரைக்கூட எழுதினார்.
கோழிகளை மறந்துவிட்டார்.
அவற்றை நாங்களே பிரித்தோம்,
மழையில், கொட்டகைக்குள்,
ஒருவர் டார்ச் பிடிக்க ஒருவர் வளையம் படிக்க.
அந்த வருடம் சண்டை போடாத இரவு
அது ஒன்றுதான்.

சனிக்கிழமை போனேன்.
கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையிலிருந்த கூண்டைப் பார்த்தான்.
"எத்தனை, ஃபெம்மி?"
"ஐந்து."
"எனக்கு மூன்று."

அவனுடைய மனைவி காபி கொண்டுவந்தாள்.
சர்க்கரை போட்டிருந்தாள். குடித்தேன்.
அவன் நீட்டிய சேவலின் சிறகை விரித்தேன்,
கொண்டையின் பற்களை எண்ணினேன்,
மார்பெலும்பை விரலால் தடவினேன்.
"கொத்துமா?"
"சிவப்பு பூட்ஸைக் கண்டால் மட்டும்."
குனிந்து என் காலைப் பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.

பதிலுக்கு 63ஐக் கொடுத்தேன்.
வால் சற்று நெட்டாக நிற்கும்.
அவன் கண்ணுக்குத் தப்பியிருக்காது.
ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று நாள் என் பெட்டைகள் அவனை அண்டவிடவில்லை.
நான்காம் நாள் தீவனத் தட்டின் அருகே
ஒதுங்கி வழிவிட்டன.
ஏப்ரலில் மறுபடி சமையலறையை இருட்டாக்கினேன்.
இருபத்து நான்கில் இருபது.
சிலந்திகள், சிலந்திகள்.
விளக்கைப் போட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு படிவம்.
தாயின் வளையம், தந்தையின் வளையம்,
தந்தையை வளர்த்தவர் பெயர்.
டெர் ஹார் என்று எழுதினேன்.
பதினேழு வருடம் காசோலையிலும் பல் மருத்துவரிடமும்
நானே போட்ட கையெழுத்து.
ஹா-வின் வளைவு இன்னும்
கைக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது அக்டோபர்.
பெட்டைகளில் ஒருத்திக்கு,
நல்ல மஞ்சள் கால், அகன்ற முதுகு,
மழைக்கும் ஒதுங்காத துணிச்சல்,
தோளில் மூன்று இறகுகளில் மட்டும்
உள்கரை மை தொட்டதுபோல் கலைந்திருக்கிறது.

நாளை முடிவு செய்யலாம் என்று
தீவனம் போட்டுவிட்டு வந்தேன்.
நேற்றும் இதையேதான் சொன்னேன்.