கல் தீர்ந்த இடம்

ப்ளோவ்டிவ் நகரில்
சாக்கடைக் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தில்
ஒரு கவுதாரி கிடந்தது.
ராங்கெலின் மண்வாரி அதன் வாலுக்கு
ஒரு விரற்கடை முன்னால் நின்றதாம்.
"சத்தம் மாறிச்சு, நிறுத்திட்டேன்" என்றான்.
மண்ணைத் தட்டுகிற சத்தமும்
பாறையைத் தட்டுகிற சத்தமும்
இருபத்தாறு வருஷமாய் அவன் காதுக்குத் தெரியும்.
இது இரண்டுமில்லை.

நான் போனபோது
ஐந்து பேர் பள்ளத்தின் விளிம்பில்
ரொட்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள்,
ஒருவரும் கடிக்காமல்.
தண்ணீர் ஊற்றினால் மொசைக் நிறம் கொள்ளும்,
காய்ந்தால் சாம்பல் பூக்கும்.
அதனால் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.
மேஸ்திரி கத்தவேண்டிய நேரம் அது.
வாளி தூக்கி வந்ததே மேஸ்திரிதான்.

என் வேலை வரைவது.
கல்லுக்குக் கல், கட்டம் போட்ட தாளில்.
பதினோரு நாள் முழந்தாளிட்டு
பல் துலக்கும் பிரஷ்ஷால்
இறகிடுக்குகளைத் தேய்த்தேன்.
ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒருவன்
எந்தக் கைக்காரன் என்பது
நாலாம் நாள் தெரிந்தது: இடக்கை.
அவன் அவசரப்பட்ட இடம் தெரிந்தது.
அலகருகே மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொண்ட இடம் தெரிந்தது.
பெயர் தெரியவில்லை.
தெரியாதது ஒரு குறையாகவும் படவில்லை.

தினமும் காலையில்
இராப்பணி முடிந்து ஒரு நர்ஸ் வருவாள், எவ்தோக்கியா.
மூன்று நிமிஷம் நிற்பாள்.
போனை ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை.

கழுத்து வளையத்தில்
கருங்கல் வரிசை ஒழுங்காக ஓடி வந்து
ஒரே ஒரு இடத்தில்
பானை ஓட்டுத் துண்டு.
செங்காவி. கோணல்.
யார் பார்த்தாலும் கண் முதலில் போவது அங்கேதான்.
அது இருப்பதால்தான் அந்தப் பறவை
இப்போதுதான் எதையோ விழுங்கியதுபோல் இருந்தது.

தாளின் ஓரத்தில் எழுதினேன்:
'வேண்டுமென்றே வைத்தது.'
பிறகு, வேலை போய்விடுமோ என்று,
'இருக்கலாம்' சேர்த்தேன்.

கூரை போடக் காசில்லை என்றது நகராட்சி,
காவலுக்குக் காசில்லை.
மூடக் காசிருந்தது.
துணி விரித்து, சலித்த மணல் கொட்டி,
குழாயை ஒன்றரை மீட்டர் தள்ளி இறக்கி,
மேலே தார் ஊற்றினார்கள்.
பாதுகாப்பு என்று அதற்குப் பெயர்.
பொய்யில்லை,
இருட்டுதான் அதை இத்தனை காலம் வைத்திருந்தது.
ஆனாலும் கடைசிக் கூடை மணல்
கவுதாரியின் கண்ணில் விழுந்தபோது
ராங்கெல் தன் கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

இப்போது அங்கே பேருந்து நிற்கிறது.
எவ்தோக்கியா அந்த நிறுத்தத்தில்தான் இறங்குகிறாள்,
காலை வைக்குமுன்
கீழே ஒருமுறை பார்த்து.

பிப்ரவரியில்
'கண்டெடுத்தவர்' என்ற கட்டத்துக்கு
ஒரு கையெழுத்து தேவைப்பட்டது.
ஆறாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
வீடு முழுக்க மிளகாய் சுட்ட வாசனை.
கை கழுவ உள்ளே போனேன்.
சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ்,
மட்டம் பார்த்து, நூல் பிடித்து,
தொட்டிக்கு மேலே வரிசை ஓடி வந்து
ஒரே ஒரு இடத்தில்
செங்காவி. கோணல்.

குழாயை மூட மறந்தேன்.
அதன்மேல் தண்ணீர் தெறித்தது, நிறம் கொண்டது.

வெளியே வந்து கேட்டேன்.
"டைல்ஸ் தீர்ந்துபோச்சு" என்றான்,
பேனா மூடியைத் திருகியபடி.
"எங்கே தீர்ந்துச்சு?" அடுப்படியிலிருந்து டொன்கா.
"கட்டிலுக்கடியில் இன்னும் ஒரு பெட்டி
முழுசா இருக்கு."

அவன் காது சிவந்தது.
பெயரைப் பெரிதாக எழுதினான்,
கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.

இறங்கும்போது
நாலாம் மாடி வெளிச்சத்தில் நின்று
என் பழைய தாளை எடுத்து
'இருக்கலாம்' என்பதை அடித்தேன்.