எட்டுத் துளை

வேலந்தாவளத்தில் டிராக்டருக்குக் கிளட்ச் மாற்றுகிறவன் நான்.
சௌதாமினி, கொழிஞ்சாம்பாறைக் கூட்டுறவு வங்கியில்
அடகு நகையை உரசிப் பார்க்கிறவள்.
கோழிக்கொட்டகைக்குள் அதை முதலில் கண்டது அவள்தான்.
தீவன மூட்டைகளுக்கு நடுவே
பானட்டின் மேல் புடைத்த இரண்டு கண்,
மழைக்குக் காத்துச் சலித்த தவளை.
அறுபதாம் வருடத்து ஸ்பிரைட்.
இடுப்புயரம் இருந்தால் அதிகம்.
ஓட்டுகிற இருக்கையில் ஒரு சிவப்புக் கோழி அடைகாத்திருந்தது.
விலை பேசி முடித்தும்
குஞ்சு பொரிக்கும்வரை பதினேழு நாள் காத்திருந்தோம்.

ரேஸுக்கு, என்றாள் முதல் நாளே.
கல்யாணத்துக்கு வாடகை விடுவதற்கு இல்லை.

தரையைக் குத்தினால்
ஸ்குரூடிரைவர் நேரே மண்ணைத் தொட்டது.
அவள் நகத்தால் சுரண்டி, விரலால் தட்டி,
காது வைத்துக் கேட்டு
ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.
இது தேறாது. இது பூச்சு. இது வெறும் துரு,
பெயிண்ட் பிடித்து வைத்திருக்கிறது.
வெட்டி எறிந்த தகரம் குவிந்ததைப் பார்த்து
பழைய இரும்புக்காரர் தினமும் மணியடித்துப் போனார்.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சு விட
ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை அதன் வாயில்.
கணவாய்க் காற்று உள்ளே புகுந்து
எது எஞ்சின் எது பாலக்காடு என்று தெரியாமல் அடித்தது.
காற்று ஓயும் விடியற்காலை மூன்று மணிக்குத்தான்
பச்சை பெயிண்ட் அடித்தோம்.
அப்படியும் இடது கதவில் ஒரு கொசு.
இருக்கட்டும், எடை ஏறாது என்றாள்.

இருக்கைக்குப் பின்னே ஒரு இடம்.
யாரோ வைத்த ஆயில் டப்பா வருடக்கணக்காய்க் கசிந்து
துருவை அண்டவிடாமல் வைத்திருந்தது.
முழங்கை அகலத்துக்குத் தொழிற்சாலைத் தகடு,
தொழிற்சாலைப் பச்சை.
தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.
"இது மட்டும் இருபத்திரண்டு கேரட்."

விதிப்புத்தகம் சொன்னது:
கவிழ்ந்தால் தலை காக்கும் வளைகுழாய்,
காலுக்கு நாலு போல்ட், இருபுறமும்,
நல்ல தகட்டில் மட்டும்.
நல்ல தகடு அது ஒன்றுதான்.

எட்டு நாள் பட்டறைக்கு வரவில்லை.
ஒன்பதாம் நாள் நான் டிரில்லை எடுக்கும்போது
கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.
எட்டுத் துளை. நடுவில் ஒரு முறைகூட நிறுத்தவில்லை.
சுருள் சுருளாய் விழுந்ததைத் தாளில் கூட்டி
வங்கித் தராசில் வைத்துப் பார்த்தாளாம்.
ஆறு கிராம்.
பொட்டலத்தின் மேல் எழுதியிருந்தாள்: சேதாரம்.

செட்டிப்பாளையம் தடத்தில் பதினான்கு வண்டி.
மூன்றாவது சுற்றில் மூன்றாவது கியர் துள்ளி வெளியே வந்தது.
அதன்பின் ஸ்டியரிங்குக்கு வலது கை மட்டும்,
இடது கை கியரை விடாமல் அமுக்கியபடி.
நேர்ப்பாதையில் எல்லாரும் அவளைத் தாண்டினார்கள்.
திருப்பங்களில் அவள் சிலரைத் தாண்டினாள்.
பதினொன்றாவது.

இரவு திரும்பும்போது செக்போஸ்டில் டார்ச் வெளிச்சம்.
டிரெயிலரில் எந்தா?
ஸ்பிரைட், சார்.
ஸ்பிரிட்டோ?
விசில் ஊத இன்னும் இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.
டிக்கி துறக்கு.
இந்த வண்டிக்கு டிக்கிக் கதவே கிடையாது, சார்.
இதைவிடப் பெரிய பொய்யை
அந்தச் சாவடி கேட்டதில்லை போலும்.
எக்சைஸ்காரர் இருக்கையைச் சாய்த்துத் தலைகீழாய் நுழைந்தார்.
பூட்ஸ் இரண்டும் நட்சத்திரத்தைப் பார்த்தன.
உள்ளே தட்டினார். மோந்தார். தும்மினார்.
வெளியே வந்தபோது
தொப்பியில் ஒரு சிவப்பு இறகு.
நாங்கள் இருவரும் அதைச் சொல்லவில்லை.

ஜயிச்சோ, என்றார்.
இல்ல சார்.
பின்னெ எந்தினா சிரிக்குன்னெ?

சாவடி தாண்டி, புளியமர இருட்டில்,
ஜீப்பில் என் பக்கத்தில் அவள் பேசவேயில்லை.
இடது கை மட்டும்
அங்கே இல்லாத கியரை
இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தது.