பின்பக்கம்

மண்டபத்தில் பெண்களுக்கு மட்டும் தாள் கொடுத்தீர்கள்,
மிஸ்டர் படையாச்சி.
தனியே நடக்க வேண்டாம். காதில் பாட்டு வேண்டாம்.
கூந்தலை அவிழ்த்துப் போடாதீர்கள், பிடித்து இழுக்க வசதி.
சாவி விரலிடுக்கில் இருக்கட்டும்.

இருக்கிறது. ஒன்பது வருடமாக.
தையல் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து
கடைசி டாக்சி இறக்கிவிடும் சாட்ஸ்வொர்த் மூலையிலிருந்து
வீடு நானூற்றுச் சொச்சம் அடி.
நடுவிரல் காய்த்தே போயிற்று.

சலோஷ்னியும் எல்லாம் செய்தாள்.
கொண்டை, தட்டைச் செருப்பு, பகல் இரண்டு மணி.
"அந்த வழியாக ஏன் போனாள்?"
சமோசாவைப் பிட்டபடி கேட்டீர்கள்.

அவள் வீடு அந்த வழியில் இருக்கிறது.

தாள் மிச்சமிருந்தால் ஒன்று கொடுங்கள்,
டாக்சி நிறுத்தச் சுவரில் உட்கார்ந்து
சீட்டியடிக்கிற உங்கள் பையனுக்கு.
பின்பக்கம் காலி.
பேனா என்னிடம் இருக்கிறது.